கட்டாயக் காப்பீடு கசந்தது ஏன்?

மருத்துவக் காப்பீட்டை ஒவ்வொரு குடிமகனும் எடுத்தாக வேண்டும், எடுக்காதவர் அபராதம் கட்ட வேண்டும் என்று ஒரு நாட்டின் சட்டம் சொல்லலாமா என்ற கேள்வி, 2009 தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டு காலம் அமெரிக்காவின் தேர்தல்களையும் நீதிமன்றங்களையும் ஆட்டிப்படைத்தது. அதிபர் பராக் ஒபாமா 2010 மார்ச் 23 அன்று கையெழுத்திட்டதும், ‘ஒபாமாகேர்’ என்ற பெயரில் உலகம் அறிந்ததுமான கட்டுப்படியாகும் மருத்துவக் கவனிப்புச் சட்டம் பல நூறு பக்கங்கள் கொண்டது. அத்தனை பக்கங்களிலும் மக்களின் வெறுப்பை மிக அதிகமாகச் சம்பாதித்தது, ‘தனிநபர் கட்டாயம்’ என்று அழைக்கப்பட்ட இந்த ஒரு பிரிவுதான். சட்டம் பற்றிய பொதுக்கருத்தைத் தொடர்ந்து அளந்துவந்த கைசர் குடும்ப அறக்கட்டளையின் கணிப்புகளில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அதை எதிர்த்தனர். அதே கணிப்புகளில், ஏற்கெனவே நோய் இருப்பதைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் யாரையும் மறுக்கக் கூடாது என்ற பிரிவை, ஏறக்குறைய அதே அளவு பெரும்பான்மை ஆதரித்தது.

மக்கள் விரும்புவதை வைத்துக்கொண்டு, விரும்பாததை நீக்கிவிடுவதுதானே ஜனநாயக முறை என்று தோன்றலாம். ஆனால் இந்த இரண்டு பிரிவுகளும் தனித்தனியே நிற்கக்கூடியவை அல்ல. முதலாவது இரண்டாவதற்குக் கொடுக்கும் விலை. காப்பீடு என்பது, நோய் யாருக்கு எப்போது வரும் என்று தெரியாத ஒரு பெருங்கூட்டம், பிரீமியம் எனப்படும் தவணைத் தொகையைச் சேர்ந்து கட்டி, அந்தப் பொதுப்பணத்திலிருந்து நோயுற்ற சிலரின் செலவை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு. நோயாளிகளை மறுக்கக் கூடாது, அவர்களிடம் கூடுதல் தவணை வாங்கவும் கூடாது என்று விதித்துவிட்டு, சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம் என்று விட்டால், உடல் நலத்தோடு இருப்பவர், நோய் வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருப்பார். கூட்டத்தில் நோயாளிகளின் விகிதம் கூடும்; தவணை உயரும்; உயர்ந்த தவணையைக் கண்டு, நலமாக இருக்கும் மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகுவார்கள்; தவணை மேலும் உயரும். பொருளியலாளர்கள் இதன் தொடக்கத்தைப் ‘பாதகத் தேர்வு’ என்றும், முடிவை ‘மரணச் சுழல்’ என்றும் குறிப்பிடுகின்றனர்.

இது ஏட்டளவில் நின்றுவிட்ட அச்சம் அன்று. நியூயார்க் மாநிலம், நோயாளிகளை மறுக்கக் கூடாது, அனைவருக்கும் ஒரே தவணை என்ற விதிகளை 1992இல் சட்டமாக்கி மறு ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கட்டாயத்தை மட்டும் சேர்க்கவில்லை. இருபது ஆண்டுகளில், ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள் வாழும் அந்த மாநிலத்தில், வேலை வழியாக அல்லாமல் தாமாகக் காப்பீடு வாங்குவோர் சுமார் 17,000 பேராகச் சுருங்கிப்போயினர். ஒபாமா சட்டத்தின் கட்டாயமும் மானியமும் 2014இல் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில், அவ்வகைக் காப்பீட்டின் தவணை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும் என்று 2013 ஜூலையில் அந்த மாநிலத்தின் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவால் அறிவிக்க முடிந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் அனுபவம் இதைவிடத் துலக்கமானது. அங்கு 1993இல் நிறைவேறிய விரிவான சீர்திருத்தச் சட்டத்தில் கட்டாயமும் இருந்தது, மறுக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. தேர்தல் காற்று திசைமாறிய பின், 1995இல் சட்டமன்றம் கட்டாயத்தை நீக்கியது. மக்களுக்குப் பிடித்த விதியை மட்டும் வைத்துக்கொண்டது. நான்கே ஆண்டுகளில், 1999இல், தனிநபர் ஒருவருக்குப் புதிதாகக் காப்பீடு விற்க அந்த மாநிலத்தில் ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. பொதுக்கருத்தின் இனிய பாதியை மட்டும் எடுத்துச் சட்டமாக்கினால் கடைசியில் யாருக்கும் எதுவும் கிடைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்வளவு வெளிப்படையான ஒன்றை மக்கள் ஏன் ஏற்கவில்லை என்ற கேள்விக்கு, அமெரிக்கர்கள் இயல்பாகவே தனிமனித சுதந்திரத்தில் ஊறியவர்கள், எந்தக் கட்டாயத்தையும் பொறுக்கமாட்டார்கள் என்ற விடை எளிதாகச் சொல்லப்படுகிறது. வரலாறு அந்த விடையைத் தாங்கவில்லை. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து பத்தாண்டுகூட முழுதாக ஆகாத 1798இலேயே, வணிகக் கப்பல் மாலுமிகளின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் 20 சென்ட் பிடித்து, நோயுற்ற மாலுமிகளின் சிகிச்சைக்குச் செலவிடும் சட்டத்தில் அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்டார். அரசமைப்பை எழுதிய தலைமுறை உயிரோடு இருந்த காலம் அது. லிண்டன் ஜான்சன் 1965இல் கொண்டுவந்த மெடிக்கேர், அதாவது 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு, உழைக்கும் ஒவ்வொருவரின் ஊதியத்திலிருந்தும் கட்டாயமாகப் பிடிக்கப்படும் வரியில் நடக்கிறது, தொழிலாளி 1.45 விழுக்காடு, முதலாளி அதே அளவு. சேர விருப்பமா என்று யாரையும் யாரும் கேட்பதில்லை. அதை எதிர்த்து எவரும் தெருவில் இறங்கியதும் இல்லை. மாறாக, 2009இன் பொதுக்கூட்டம் ஒன்றில், தன் மெடிக்கேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று தென் கரோலினாவில் ஒருவர் தம் தொகுதி உறுப்பினரிடம் சீறிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அரசு நடத்தும் கட்டாயத் திட்டத்தை அவர் தம் சொந்த உடைமையாகவே உணர்ந்திருந்தார். லாய்ட் ஃப்ரீ, ஹேட்லி காண்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் 1967இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கர்கள் கொள்கை அளவில் அரசின் தலையீட்டைக் குறைகூறுவோராகவும், குறிப்பிட்ட திட்டம் என்று வரும்போது அதனை ஆதரிப்போராகவும் இருப்பதைக் காட்டினர். அரை நூற்றாண்டு கழிந்தும் அந்தக் கணிப்பு பொய்க்கவில்லை.

ஆகவே கசப்பின் வேரைக் கட்டாயத்தில் தேடுவதைவிட, அந்தக் கட்டாயம் எடுத்துக்கொண்ட வடிவத்திலும் அது மக்களிடம் கொண்டுசெல்லப்பட்ட விதத்திலும் தேடுவதே பொருந்தும். இதில் அரசியல் கட்சிகளின் பங்கு பெரிது. தனிநபர் கட்டாயம் இடதுசாரிகளின் தொட்டிலில் பிறந்த குழந்தை அன்று. பழமைவாதச் சிந்தனைக் கூடமான ஹெரிடேஜ் அறக்கட்டளை 1989இல் முன்வைத்த திட்டத்தில் அது இருந்தது. பில் கிளின்டனின் சீர்திருத்தத்துக்கு மாற்றாகக் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் சாஃபி 1993இல் கொண்டுவந்த மசோதாவிலும் இருந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் எவரையும், பணம் இருக்கிறதா என்று பாராமல், மருத்துவமனைகள் கவனித்தாக வேண்டும். அப்படியிருக்க, வசதியிருந்தும் காப்பீடு எடுக்காதவர் தம் செலவைப் பிறர் தலையில் கட்டுகிறார். எனவே அவரைக் காப்பீடு எடுக்கச் செய்வது தனிமனிதப் பொறுப்பை வலியுறுத்துவதே என்பது அன்றைய பழமைவாதிகளின் வாதம். அந்த வாதத்தைத் தாங்கித்தான் மாசசூசெட்ஸ் ஆளுநர் மிட் ராம்னி 2006 ஏப்ரலில் தம் மாநிலத்தில் கட்டாயக் காப்பீட்டைச் சட்டமாக்கினார். மறுபுறம், 2008இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் இருந்த ஒபாமா கட்டாயத்தை எதிர்த்தார். வீடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க எல்லோரும் வீடு வாங்க வேண்டும் என்று சட்டம் போடுவது போன்றது அது என்ற பொருளில் பேசினார். ஹிலாரி கிளின்டனே அப்போது கட்டாயத்தின் ஆதரவாளர். அதிபரான பின் ஒபாமா அதனை ஏற்றுக்கொண்டதும், குடியரசுக் கட்சியினர் கூண்டோடு அதனை விட்டு விலகி, சுதந்திரத்தின் மீதான தாக்குதல் என்று முழங்கத் தொடங்கினர். 2010 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்ற வாக்கில் சட்டம் நிறைவேறியபோது, அக்கட்சியின் வாக்கு ஒன்றுகூட அதற்கு விழவில்லை. காப்பீட்டின் கணக்கு மாறவில்லை. அதைச் சொல்பவரின் கட்சி மட்டுமே மாறியது. ஆனால் நுணுக்கமான விஷயங்களில் பெரும்பாலான வாக்காளர்கள் தம் கட்சித் தலைவர்களின் குரலைத்தான் வழிகாட்டியாகக் கொள்கின்றனர் என்பதால், கருத்தும் உடன் மாறியது.

இக்கருத்து எவ்வளவு மெல்லிய தரையில் நின்றது என்பதைக் கைசர் அறக்கட்டளை தன் கணிப்புகளுக்குள்ளேயே சோதித்துப் பார்த்தது. கட்டாயத்தை ஆதரிக்கிறீர்களா என்று வெறுமனே கேட்டபோது மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே ஆம் என்றனர். பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு வேலை வழியாக ஏற்கெனவே காப்பீடு இருப்பதால், அவர்கள் புதிதாக எதுவும் செய்யாமலே இச்சட்டத்தை நிறைவேற்றியவர்கள் ஆகிவிடுவர் என்ற ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுக் கேட்டபோது, ஆதரவு ஏறக்குறைய பத்தில் ஆறாக உயர்ந்தது. கட்டுப்படியாகாத விலையில் காப்பீடு வாங்கும் நிலைக்குச் சிலர் தள்ளப்படலாம் என்று சொன்னபோதோ எதிர்ப்பு இன்னும் ஓங்கியது. ஒரே வாக்கியத்தால் இத்தனை தூரம் நகரக்கூடிய ஒன்றை, மக்களின் ஆழ்ந்த தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு சட்டங்களை எழுதுவதும் அழிப்பதும் பொறுப்பான செயல் அன்று. அதே வேளையில், கருத்துக்கணிப்பையே பயனற்றது என்று தள்ளிவிடுவதும் தவறு. கேட்கப்பட்டவர்கள் எதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதை இச்சோதனை காட்டுகிறது. சீர்திருத்தவாதிகள் மக்களிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டியவை எவை என்பதற்கு அது ஒரு பட்டியலாகவே அமைகிறது.

அவர்கள் போய்ச் சொல்லவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் மையமான குறைகூறல். கட்டாயத்தை வரி என்று ஒப்புக்கொண்டால் தோற்றுவிடுவோம் என்ற அச்சத்தில், 2009 செப்டம்பரில் தொலைக்காட்சி நேர்காணலில் கேட்கப்பட்டபோது அது வரியே அன்று என்று ஒபாமா மறுத்தார். மூன்றாண்டுகள் கழித்து, 2012 ஜூன் 28 அன்று, உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைக் காப்பாற்றியது, வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் அது செல்லும் என்ற தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸின் காரணத்தைக் கொண்டுதான். வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் அது செல்லாது என்றும் அவர் எழுதினார்; ஒரு பொருளை வாங்கும்படி அரசு கட்டளையிட முடியுமானால் ப்ராக்கோலி வாங்கச் சொல்லியும் கட்டளையிடலாமே என்ற கேள்வி அவ்வழக்கில் பெரும்புகழ் பெற்றது. மேலவையையும் கீழவையையும் கடக்கும்வரை வரி அன்று, நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் வரி என்று இரு பெயரில் நடமாடிய ஒரு கடமையைச் சாதாரண வாக்காளர் நம்பாமல் போனதில் வியப்பில்லை. அத்துடன், இப்போதுள்ள காப்பீடு பிடித்திருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா திரும்பத் திரும்பக் கொடுத்த உறுதியும், 2013இன் இறுதியில் லட்சக்கணக்கானோர் வீட்டுக்கு ரத்துக் கடிதங்கள் வந்தபோது உடைந்தது. முதியோர் வாழ்வதா சாவதா என்று அதிகாரிகளின் குழு முடிவு செய்யும் என்று 2009 ஆகஸ்ட்டில் சாரா பேலின் கிளப்பிய ‘மரணக் குழு’ பொய்க்கும் இந்த உறுதிமொழிக்கும் இடையே நோக்கத்தில் பெரும் வேறுபாடு உண்டு. எனினும், எதிர்ப்பாளரின் பொய்யை மறுக்கும் தகுதியைச் சீர்திருத்தவாதியின் அரைகுறை உண்மை குறைத்துவிடுகிறது என்பதை மறைக்க இயலாது.

எதிர்த்தவர்கள் எல்லோரும் ஏமாற்றப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மெடிக்கேரில் கட்டாயம் என்பது அரசுக்குச் செலுத்தும் வரி. ஒபாமா சட்டத்திலோ அது, லாபம் ஈட்டும் தனியார் நிறுவனத்திடம் ஒரு பொருளை வாங்கும்படி இடப்பட்ட கட்டளை. முதலாவதில் வருமானத்துக்கு ஏற்பச் சுமை கூடுகிறது, குறைகிறது. இரண்டாவதில் அந்தப் பொருத்தத்தை மானியம்தான் ஏற்படுத்த வேண்டும். மானியமோ, மத்திய அரசு வகுத்த வறுமைக் கோட்டைப்போல் நான்கு மடங்கு வருமானத்தோடு சட்டென்று நின்றுவிட்டது. அந்தக் கோட்டை ஒரு டாலர் தாண்டிய ஐம்பது, அறுபது வயதுக்காரர் முழுத் தவணையையும் தாமே கட்ட வேண்டியிருந்தது. அப்படிக் கட்டிய பிறகும், டிடக்டிபிள் எனப்படும் விலக்குத் தொகை, அதாவது காப்பீட்டு நிறுவனம் பணம் தரத் தொடங்குமுன் நோயாளி தம் கையிலிருந்து செலவழித்து முடிக்க வேண்டிய தொகை, பல திட்டங்களில் ஆயிரக்கணக்கான டாலராக இருந்தது. மாதம் தவறாமல் தவணை கட்டிவிட்டு, மருத்துவரிடம் போனால் அங்கும் முழுக் கட்டணத்தையும் எண்ணிக் கொடுக்கும் ஒருவரிடம், இது உங்கள் பாதுகாப்புக்காக என்று சொன்னால் அவர் சினம் கொள்வது நியாயமே. 2012 தீர்ப்பின் மறுபகுதி இன்னொரு வஞ்சனைக்கு வழிவகுத்தது: ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று அது ஆக்கிவிட்டதால், விரிவாக்க மறுத்த மாநிலங்களில், மானியம் பெறும் அளவுக்கு வருமானம் இல்லாத, பழைய விதிகளின்படி மெடிக்கெய்ட் பெறும் தகுதியும் இல்லாத மிக வறியவர்கள் இரண்டுக்கும் நடுவே கைவிடப்பட்டனர்.

அபராதத்தின் அளவும் கருத்தில் கொள்ள வேண்டியது. 2014இல் அது 95 டாலர் அல்லது வருமானத்தின் ஒரு விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது. 2016இல் 695 டாலர் அல்லது 2.5 விழுக்காடு. கட்டாதவரைச் சிறையிலடைக்கவோ, சொத்தை முடக்கவோ சட்டமே தடைவிதித்தது. திருப்பித் தர வேண்டிய வருமான வரியிலிருந்து பிடித்துக்கொள்வதே வருமான வரித் துறைக்கு இருந்த நடைமுறை வழி. பல் இல்லாத இந்தக் கட்டாயம், பல் இருப்பதுபோன்ற பேச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டது.

கட்டாயத்தை மக்களிடம் நேரடியாகக் கொண்டுபோய் வென்ற நாடு ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தில் 1994 டிசம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில், அடிப்படை மருத்துவக் காப்பீட்டை அனைவருக்கும் கட்டாயமாக்கும் சட்டத்துக்கு 51.8 விழுக்காட்டினர் ஒப்புதல் அளித்தனர். 1996 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அங்கு வசிக்க வரும் எவரும் மூன்று மாதங்களுக்குள் காப்பீடு எடுக்க வேண்டும். எடுக்காதவருக்கு அவர் வாழும் கன்டோன், அதாவது மாநிலம், தானே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்து சேர்த்துவிடும். போரால் பெயர்ந்து 1980களிலிருந்து அங்குக் குடியேறிய பல்லாயிரம் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு, ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மறு ஆண்டுத் தவணை அறிவிக்கப்படும்போது எந்த நிறுவனத்துக்கு மாறலாம் என்று கணக்குப் பார்ப்பது இன்று வீட்டு வழக்கங்களில் ஒன்று. தனியார் நிறுவனங்களிடம்தான் வாங்க வேண்டும் என்பது அமெரிக்காவைப் போலவே; ஆனால் அடிப்படைக் காப்பீட்டில் அந்நிறுவனங்கள் லாபம் எடுக்கக் கூடாது என்பது பெரிய வேறுபாடு. ஒரு வட்டாரத்தில் ஒரே நிறுவனம், 26 வயது நிறைந்த ஆரோக்கியமானவரிடமும் 80 வயது நோயாளியிடமும், ஆணிடமும் பெண்ணிடமும், ஒரே வகைத் திட்டத்துக்கு ஒரே தவணையைத்தான் வாங்க முடியும். நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தவணை மானியம் பெறுகின்றனர்.

சுவிஸ் ஏற்பாட்டிலும் குறை இல்லாமல் இல்லை. தவணை வருமானத்தைப் பாராமல் ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுவதால், நடுத்தரக் குடும்பங்களின் கழுத்தை அது ஆண்டுக்கு ஆண்டு நெரிக்கிறது. தவணை கட்டத் தவறியோரின் கறுப்புப் பட்டியலை வைத்து, அவசர சிகிச்சை தவிர மற்றவற்றை மறுக்கச் சில கன்டோன்கள் வழிசெய்தன. காப்பீட்டின் பெயரால் நோயாளியைத் திருப்பி அனுப்பும் இந்த நடைமுறை, கட்டாயத்தின் அறத்தையே தலைகீழாக்குகிறது. ஆனாலும் அங்குள்ள மக்கள் 2007இலும் 2014இலும் தனியார் நிறுவனங்களை நீக்கி ஒரே பொது நிதியம் அமைக்கும் யோசனைகளை நிராகரித்தனர். வருமானத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் தவணை போகக் கூடாது என்ற யோசனையையும் 2024 ஜூனில் நிராகரித்தனர். இவற்றுள் கடைசி முடிவு இக்கட்டுரையின் பார்வையில் வருந்தத்தக்கது. எனினும் கவனிக்க வேண்டியது வேறு: எந்தக் கடமைக்கு எந்தப் பலன், அதற்கு யார் பணம் தருவது என்பதெல்லாம் வாக்குச்சீட்டோடு வீட்டுக்கு வரும் விளக்கக் குறிப்பில் எழுதப்பட்டு, முப்பதாண்டுகளாக அங்கே திறந்தவெளியில் விவாதிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் கட்டாயம் ஒரு நாளும் அப்படி மக்கள் முன் வைக்கப்படவில்லை.

அமெரிக்கப் பொதுக்கருத்து உண்மையில் திரும்பியது 2017இல், சட்டம் பறிபோகும் நிலை வந்தபோதுதான். டொனால்ட் டிரம்ப் பதவியேற்றபின், இரு அவைகளிலும் பெரும்பான்மை பெற்ற குடியரசுக் கட்சி, சட்டத்தை நீக்கும் மசோதாக்களைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வரைவுக்கும் எத்தனை பேர் காப்பீட்டை இழப்பர் என்று நாடாளுமன்றத்தின் நிதிநிலை அலுவலகம் மதிப்பிட்டு வெளியிட்ட எண்கள் இரண்டு கோடியைத் தாண்டியபோது, ஏழாண்டுகளாகச் சட்டத்தைத் திட்டியோரும் அதனுள் தமக்கும் தம் பெற்றோருக்கும் என்ன இருக்கிறது என்று முதன்முறையாக எண்ணிப் பார்த்தனர். 2017 ஏப்ரலில் கேலப் நிறுவனத்தின் கணிப்பில் சட்டத்துக்கு முதன்முறையாகப் பெரும்பான்மை ஒப்புதல் கிடைத்தது. ஜூலை 28 அதிகாலையில் செனட்டில் ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸ், லிசா மர்கௌஸ்கி ஆகிய மூன்று குடியரசுக் கட்சியினர் எதிர்த்து வாக்களிக்க, நீக்கும் முயற்சி 49க்கு 51 என்று வீழ்ந்தது. மக்கள் நேரடியாக வாக்களித்த இடங்களில் இம்மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது: மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை 2017இல் மெய்ன் மாநில வாக்காளர்களும், 2018இல் ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா வாக்காளர்களும், 2020இல் ஓக்லஹோமா, மிசூரி வாக்காளர்களும், 2022இல் தென் டகோட்டா வாக்காளர்களும் வாக்கெடுப்பில் நிறைவேற்றினர். இவற்றுள் மெய்னைத் தவிர மற்றவை குடியரசுக் கட்சியின் கோட்டைகள். தாம் தேர்ந்தெடுத்த தலைவர்கள் தர மறுத்ததை அம்மக்கள் தாமே எடுத்துக்கொண்டனர்.

கட்டாயம் மட்டும் தப்பவில்லை. 2017 டிசம்பரின் வரிச் சட்டம், அபராதத் தொகையை 2019 முதல் சுழியமாக்கியது. கட்டாயம் ஏட்டில் இருக்கிறது, தண்டனை இல்லை. அடுத்த பத்தாண்டில் காப்பீடு இல்லாதோர் 1.3 கோடி கூடுவர் என்று நிதிநிலை அலுவலகம் அப்போது மதிப்பிட்டது. நிபுணர்கள் அஞ்சிய சரிவு அந்த அளவுக்கு நிகழவில்லை. கட்டாயமே தேவையற்றது என்று வாதிடுவோர் இதனைச் சான்றாகக் காட்டுகின்றனர். சான்று முழுமையானது அன்று. சந்தை நின்றது மானியத்தின் மீது. தவணை எவ்வளவு ஏறினாலும், வருமானத்தின் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் உள்ளதை அரசே ஏற்றதால், சேர்ந்தோர் விலகவில்லை. 2021இல் ஜோ பைடன் அரசு மானியத்தைக் கூட்டி, நான்கு மடங்கு என்ற வருமான வரம்பையும் அகற்றியபின், இச்சந்தையில் சேர்ந்தோர் தொகை 2025இல் ஏறத்தாழ 2.4 கோடியாக உயர்ந்தது. தண்டனைக்குப் பதில் அரசுப் பணம் அந்த வேலையைச் செய்தது என்பதே உண்மை. அந்தக் கூடுதல் மானியத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்ற தகராறில்தான் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் அமெரிக்க மத்திய அரசின் அலுவலகங்கள் முடங்கிக் கிடந்தன. மானியம் நீட்டிக்கப்படாமல் அவ்வாண்டின் இறுதியோடு காலாவதியானது. கட்டாயமும் இல்லை, கூடுதல் மானியமும் இல்லை என்ற நிலையில் ஒரு காப்பீட்டுச் சந்தை என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் மாநிலம் 1999இலேயே பதில் சொல்லியிருக்கிறது. எஞ்சியிருக்கும் பழைய மானியம் எவ்வளவு தாங்கும் என்பதே இப்போதுள்ள வேறுபாடு.

கட்டாயத்தின் பக்கம் நிற்கும் மிக வலுவான சான்று, யாரும் திட்டமிட்டு நடத்தாத ஒரு சோதனையிலிருந்து கிடைத்தது. காப்பீடு இல்லாமல் அபராதம் கட்டியிருந்த குடும்பங்களுக்கு, அபராதத்தை நினைவூட்டி, எங்கே எப்படிக் காப்பீட்டில் சேரலாம் என்று விளக்கும் கடிதங்களை வருமான வரித் துறை 2016–17 குளிர்காலத்தில் அனுப்பியது. அப்படிப்பட்ட குடும்பங்கள் ஏறத்தாழ 45 லட்சம். எல்லோருக்கும் அனுப்பப் பணம் போதாததால், குலுக்கல் முறையில் 39 லட்சம் குடும்பங்களுக்கு மட்டும் கடிதம் போயிற்று. போனவர்களையும் போகாதவர்களையும் அடுத்த ஈராண்டுக்கு ஒப்பிட்டு, ஜேக்கப் கோல்டின், இத்தாய் லூரி, ஜேனட் மக்கபின் ஆகியோர் ஆய்வு செய்தனர். கடிதம் பெற்றோரில் கூடுதலானோர் காப்பீட்டில் சேர்ந்திருந்தனர். 45 முதல் 64 வயது வரையுள்ளோரிடையே இறப்பும் குறைந்திருந்தது. அவ்வயதினரில் கடிதம் பெற்ற ஒவ்வொரு 1,648 பேருக்கும் ஓர் உயிர் தப்பியது என்பது அவர்களின் கணக்கு. சோதனை தற்செயலாக அமைந்ததாயினும், குலுக்கல் முறை அதற்கு மருந்துச் சோதனைகளுக்கு நிகரான நம்பகத்தன்மையைத் தருகிறது. ஒரு பக்கக் கடிதம் உயிர் காத்ததென்றால், காப்பாற்றியது மிரட்டலா, தகவலா என்று கேட்கலாம். இரண்டும் ஒரே தாளில் இருந்தன: இது உங்கள் கடமை, இதைச் செய்யும் வழி இது, இதற்கு உங்களுக்குக் கிடைக்கும் உதவி இது. ஏழாண்டு கால அரசியல் மேடைகள் ஒருமுறையும் சேர்த்துச் சொல்லாததை அந்தத் தாள் சேர்த்துச் சொன்னது.

இவ்விணைப்பை மாநிலங்கள் சில இப்போது தாமே முயன்று பார்க்கின்றன. மாசசூசெட்ஸில் ராம்னி காலத்துக் கட்டாயம் இன்றும் நீடிக்கிறது. நியூ ஜெர்சி, தலைநகர் வாஷிங்டன், கலிஃபோர்னியா, ரோட் ஐலண்ட் ஆகியன மத்திய அபராதம் நீங்கிய இடத்தில் தம் சொந்த அபராதத்தை விதித்தன. கலிஃபோர்னியா, அபராதமாகத் திரண்ட பணம் அரசின் பொதுச்செலவில் கலந்துவிடக் கூடாது என்ற நீண்ட வாதத்துக்குப் பின், அதில் ஒரு பகுதியைக் கொண்டு, குறைந்த வருமானத்தினருக்கான பல திட்டங்களில் 2024 முதல் டிடக்டிபிளை அறவே நீக்கியது. காப்பீடு எடுக்காதவர் கட்டிய அபராதம், எடுத்த ஏழையின் முதல் மருத்துவக் கட்டணமாக மாறியது. கடமையும் பலனும் ஒரே கணக்கில் வருவதை அங்கு வாக்காளர் கண்ணால் பார்க்க முடிந்தது. மற்ற மாநிலங்களின் சட்டமன்றங்கள் மானிய இழப்பை எப்படி ஈடுகட்டுவது என்று விவாதிக்கும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய கணக்கு அதுதான்.